பிளேட்டு போடுகிறவள்

ஐந்து எண்ணி இறக்கச் சொல்லியிருக்கிறார் மாஸ்டர், நான் மூன்றிலேயே இறக்கிவிடுகிறேன். நான்கும் ஐந்தும் எனக்கு வேண்டாம், அந்த இரண்டு எண்ணிக்கையில்தான் கண் தானாக வலப்பக்கம் போய் ஜாஸ்பினைத் தேடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, இரும்புப் பார் பலகைமேல் உட்கார்ந்துவிட்டது. பக்கத்துக்கு மூன்று அயனிமரப் பலகை, ஒவ்வொன்றும் இரண்டு அங்குலக் கனம், எங்கள் எடைப்பயிற்சிக் கொட்டகை மரக்கடையாக இருந்த காலத்தில் மிஞ்சியவை. அவற்றின்மேல் எடைப் பிளேட்டுகள் நிற்பதால் பார் என் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே வந்து காத்திருக்கிறது, நோயாளிக்குக் கஞ்சியைப் படுக்கைக்கே கொண்டுவந்து நீட்டுவதுபோல. "தரை ஒனக்கு இப்பம் வேண்டாம் பிள்ளே" என்று ஏழு மாதம் முன்பு மாஸ்டர் சொன்னார். முதலில் ஐந்து பலகை, பிறகு நான்கு, இப்போது மூன்று. அறுபது கிலோ, எட்டுத் தடவை, அப்படி நான்கு சுற்று. அது முடிந்ததும் வெறும் பாரைத் தொடையோடு உரசியபடி இறக்க வேண்டும், முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, தொடையின் பின்பக்கம் எங்கே இழுபடுகிறதோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அதற்குக் கீழே ஒரு விரல்கூடப் போகக் கூடாது. பிறகு ஒரு காலைப் பின்னால் வைத்து அதையே. கடைசியில் துடைப்பக்கம்பு. கம்பு தலையிலும் நடுமுதுகிலும் புட்டத்துக்கு மேலேயும் தொட்டபடி இருக்க, குனிந்து நிமிர வேண்டும், தொடுகை ஒரு இடத்தில் விட்டால் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். நூற்று முப்பத்திரண்டரை கிலோவைத் தரையிலிருந்து எடுத்தவள் கண்ணாடி முன்னால் துடைப்பக்கம்போடு நின்று யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாஸ்டர் இதையெல்லாம் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் தன் உருண்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். மாஸ்டர் என்றால் என் கணவர் நேசையன். கொட்டகைக் கேட்டுக்கு வெளியே 'ஏங்க', கேட்டுக்கு உள்ளே 'மாஸ்டர்', இருபத்தெட்டு வருடமாக இது எனக்கு மாறியதில்லை, சில நாள் வாசலில் நின்று எந்தப் பெயரைச் சொல்வது என்று நாக்கு தடுமாறியிருக்கிறது.

இரண்டாவது சுற்றுக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ்மேல் சாரல் விழுகிறது, பெரிய மழை இல்லை, யாரோ அரிசி புடைப்பதுபோல விட்டுவிட்டு ஒரு சத்தம். நான் பார்க்க மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்து என் கால்விரல்களைப் பார்க்கிறேன். இடது கட்டைவிரல் நுனி இன்றும் மரத்திருக்கிறதா, இல்லை, ஒருவேளை இருக்கிறதா, கிள்ளிப் பார்த்தால் தெரியும், கிள்ளவில்லை. நான் பலகையிலிருந்து எத்தனை கிலோ எடுத்தாலும் கரும்பலகையில் ஏறாது. அதோ, குடிதண்ணீர்ப் பானைக்கு மேலே இருக்கும் அந்தக் கரும்பலகையில் தரையிலிருந்து எடுத்தது மட்டும்தான் எழுதப்படும். பெண்கள் வரிசையில் மேலே லில்லிபுஷ்பம், 132.5. ஏழு வருடமாக அந்தச் சாக்பீஸ் எழுத்தை யாரும் தொட்டதில்லை, வெள்ளையடித்தபோதுகூட ஆள் அதைச் சுற்றித் துணி கட்டிவிட்டுத்தான் அடித்தான். அதற்குக் கீழே ஜாஸ்பின், 130. இன்று காலை அவள் நூற்று முப்பத்தைந்து எடுக்கப்போகிறாள். ஆயுதப்படையில் காவலர், இருபத்தொன்பது வயது, மூன்று வருடம் முன்பு முதுகைக் கூனிக்கொண்டு உள்ளே வந்தவள். எடுத்துவிட்டால் என் பெயர் இரண்டாவது வரிக்கு இறங்கும், மறுபடி மேலே ஏற எனக்குத் தரை வேண்டும், தரை எனக்கு மூன்று பலகைத் தூரத்தில் இருக்கிறது. ஆறு அங்குலம். ஐம்பத்து மூன்று வயதில் ஆறு அங்குலம் என்பது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியுமா, எனக்கே போன வருடம் வரை தெரியாது. நான் இதே கொட்டகையில் எதையாவது எடுத்து முதுகைப் போக்கிக்கொண்டிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். குளிக்கும்போது கை நழுவி விழுந்த சோப்பு, அதை எடுக்கக் குனிந்தேன், அவ்வளவுதான். டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற இவர் முந்திக்கொண்டு "வெயிட் எடுக்கும்பம்" என்று பொய் சொன்னார். அந்தப் பொய்க்காக அவரை அன்று எவ்வளவு நேசித்தேன்.

"எட்டீ, கழுத்த ஏன் தூக்குத? மேல என்ன, ஒனக்கு சம்மந்தம் பேச ஆள் வருதா?" என்று அவர் இப்போது கத்துகிறார், என்னிடம் இல்லை, அவளிடம். ஜாஸ்பின் நூற்றுப் பத்தை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். "மாஸ்டர், சம்மந்தம் எல்லாம் முடிஞ்சு ஒரு பிள்ளையும் ஆச்சு." "அதுக்குத்தான் சொல்லுதேன், இனி மேல பாத்து என்ன பிரயோசனம்? முன்னால நாலடி தள்ளி தரையப் பாரு." மீன் ஏலம் விடுகிற சூசை, கால் கிலோ மீசையும் அரை டன் குரலும் உள்ளவர், தன் மூலையிலிருந்து, "சத்தம் கூட்டாதியும் மாஸ்டர், ஏலக்கூடம்னு நெனச்சு எனக்குக் கை தன்னால மேல பொங்குது" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன், சிரித்தது முகத்தில் சரியாக வந்ததா என்று கண்ணாடியில் பார்த்தேன். ஏழு மாதமாக என்னை யாரும் திட்டுவதில்லை. பாராட்டாக ஒரு "கொள்ளாம் லில்லி", "போதும் லில்லி", "மெதுவா", இவ்வளவுதான். ஒரு காலத்தில் எனக்கு எத்தனை வசவு கிடைத்தது, எருமை, சவம், மண்வெட்டி, ஒருமுறை 'சாய்ஞ்ச தந்திக்கம்பம்', அதற்காக இரண்டு நாள் அவருக்குச் சோறு மட்டும் வைத்துக் குழம்பு வைக்கவில்லை. இப்போது என் பக்கம் வரும்போது அவர் குரல் ஆஸ்பத்திரிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதுபோல வருகிறது. ஜாஸ்பின்மேல் எனக்கு வேறு சந்தேகம் ஒன்றும் இல்லை, அந்த மாதிரி மனிதர் இல்லை இவர், அவளும் நல்ல பிள்ளை, பொங்கலுக்கு எனக்குக் கைத்தறிச் சேலை எடுத்துத் தந்தாள். அது இல்லை. அவள் இடுப்புப் பெல்ட்டுக்கும் முதுகுக்கும் இடையே அவர் இரண்டு விரலை நுழைத்து இறுக்கம் பார்க்கிறார், அந்த இரண்டு விரல். அவள் குனியும்போது தண்டுவடத்தின் இரண்டு பக்கமும் எழுந்து நிற்கிற இரண்டு கயிறு, பின்தொடையில் முழங்காலை நோக்கி இறங்குகிற அந்த வரப்பு. என் முதுகை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, அவளைப் பார்த்துத்தான் எனக்கு என்ன இருந்தது என்று தெரிந்துகொள்கிறேன். போன வாரம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பாரின் முன்னால் நின்ற அவளிடம் இவர் மெல்ல, சத்தமே இல்லாமல், "தரையக் காலால தள்ளு, பார மறந்துரு" என்றார். அந்த வாக்கியம் என்னுடையது. கல்யாணத்துக்கு முந்தின வருடம், நான் மின்வாரியத்தில் சேர்ந்த புதிது, எழுபது கிலோ வராமல் மூன்று நாள் அழுதபிறகு இவர் என் காதருகே வந்து சொன்னது. அதைக் கேட்டுத்தான் எழுபது வந்தது, அதைக் கேட்டுத்தான் இவரையே கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன், எழுபது கிலோவை நெஞ்சுக்கு நேராகக்கூட அல்ல, தொடைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றபோது. என் தாலியைக் கழற்றி அவளிடம் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது என்று தோன்றியது. பயிற்சியாளர் என்றால் ஒரே வாக்கியத்தை நூறு பேருக்குச் சொல்லத்தான் செய்வார், எனக்குத் தெரியாதா. தெரியும். தெரிவதால் என்ன.

இரண்டு, மூன்று, நான்கு சுற்றும் முடிந்தன, எத்தனை எண்ணி இறக்கினேன் என்று நினைவில்லை. "லில்லி, வா" என்றார். எழுந்து போனேன். இங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருடைய எண்ணை ஒருவர் தாண்டப்போகிறாரோ, அந்த எண்ணுக்கு உரியவர்தான் பாரில் பிளேட்டு போட வேண்டும். தொடங்கிய காலத்தில் பிளேட்டைக் குறைத்துப் போட்டான், கூட்டிப் போட்டான் என்று சட்டையைப் பிடிக்கிற சண்டையெல்லாம் நடந்திருக்கிறது, அதனால் மாஸ்டர் போட்ட சட்டம் இது, இழக்கப்போகிறவனைவிடக் கவனமாக எண்ணுகிறவன் எவன் என்று கேட்டார். சூசை இரண்டு முறை போட்டிருக்கிறார், இரண்டு முறையும் சிரித்துக்கொண்டே. எனக்கு யாரும் போட்டதில்லை, பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் ஆள் இல்லை, என் எண்ணை நானே தாண்டினேன், எனக்கு நானே போட்டுக்கொண்டேன். "அக்கா, நீங்க கனமா தூக்கண்டாம், நான் எடுத்துத் தாறேன்" என்று ஜாஸ்பின் ஓடி வந்தாள். "சட்டம் சட்டம்தான், நீ போய்க் கையில பொடி தேயி" என்றேன். மாஸ்டர் பிளேட்டுகளைத் தரையிலிருந்து என் இடுப்பு உயரத்துக்கு எடுத்துத் தரலாம் என்று சூசை தீர்ப்புச் சொன்னார், ஆனால் மாஸ்டர் அவளுக்குப் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார், இரண்டு விரல், நான் காத்திருக்கவில்லை. பிளேட்டை உருட்டிக்கொண்டு வந்தால் குனிய வேண்டியதில்லை, முழங்காலை மடக்கி உட்கார்ந்து தள்ளிவிடலாம். கணக்கு எளிது. பார் இருபது. பக்கத்துக்கு இருபத்தைந்து, இருபது, பத்து, இரண்டரை. இடது பக்கம் போட்டேன். அவர் அவளிடம் என்னவோ சொல்கிறார், உதடு அசைகிறது, காதருகே, சாரல் சத்தத்தில் கேட்கவில்லை. எதைச் சொல்கிறார், அதையேதானா. வலது பக்கம் போட்டேன். தரையைக் காலால் என்று தொடங்கினாரா, வாய் குவிந்ததா, அகன்றதா. பத்து, இரண்டரை, பிளேட்டு நழுவாமலிருக்கப் பூட்டு. கையைத் தட்டிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தேன். "பிளேட்டு ரெடியாக்கா?" "ரெடி."

உட்கார்ந்தபிறகுதான் பார்த்தேன். வலது பக்கம், பூட்டுக்கு வெளியே, பாரின் முனை ஒரு விரல் அளவு அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கம் அப்படி இல்லை. எங்கள் ரப்பர் பிளேட்டுகள் எல்லாம் ஒரே வட்டம், இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் தடிமனில்தான் வித்தியாசம், சிவப்பும் நீலமும் தேய்ந்து இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன, அதனால் நாங்கள் விரலால் தடவித்தான் எடுப்போம். நான் தடவவில்லை. வலது பக்கம் இருபத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு இருபது இருக்கிறது. ஐந்து கிலோ கோணல். அவள் பொடி தேய்க்கிறாள். கை செய்ததா, நான் செய்தேனா. நான் பார்க்கவில்லை, அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது உண்மை, சத்தியமாக அது உண்மை, ஆனால் என் விரல்களுக்கு இருபத்தெட்டு வருடப் பழக்கம், அவை எப்படித் தடவ மறந்தன. இப்போது நான் சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்று, பார் ஒரு பக்கம் முந்தி எழும்பும், அவள் திருகிக்கொண்டு கீழே போட்டுவிடுவாள், எண் நிற்கும், யாரும் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், தவறு எல்லோருக்கும் வருவதுதான். இரண்டு, போடமாட்டாள், அவள் குணம் எனக்குத் தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பாள், நான் இழுத்ததுபோல, இடுப்பு ஒரு பக்கம் ஒடியும்வரை. பிறகு ஒரு நாள் மாஸ்டர் அவளுக்கும் காலண்டர் தாள் எழுதுவார். இரண்டு பேரும் பலகைமேல், பக்கத்துப் பக்கத்தில், "கொள்ளாம் ஜாஸ்பின், போதும் ஜாஸ்பின்". அந்தக் காட்சி எனக்கு இனிப்பாக இருந்தது. பொய் சொல்லிப் பயனில்லை, இரண்டு மூச்சு நேரம் நாக்கில் கற்கண்டுபோல இனித்தது. அவள் நடந்து வருகிறாள். மூன்று வயதுப் பிள்ளையை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் ஸ்கூட்டரைத் தள்ளுவாளே, அதுவும் நினைவில் வந்தது, வந்ததும் இனிப்பு நின்றுவிடவில்லை, கூடவே இருந்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இன்னும் சொல்லலாம். இதோ இப்போது சொன்னால் 'இப்போதுதான் பார்த்தேன்' என்று ஆகும். அவள் குனிந்த பிறகு சொன்னால் 'ஏன் அவ்வளவு நேரம்' என்று ஆகும். எந்தக் கணத்தில் தவறு குற்றமாக மாறுகிறது, அதற்கு ஏதாவது கோடு போட்டிருக்கிறதா. பாதங்களைப் பாருக்கு அடியில் வைத்துவிட்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பாரில் சுற்றுகிறாள், சுண்டுவிரல் முதலில், அதுவும் என்னிடம் கற்றதுதான். முதுகு நிமிர்ந்தது. மூச்சை வாங்கி வயிற்றில் நிறுத்தினாள்.

"நில்லு" என்றேன். என் குரல் இல்லை, யாரோ பஸ்ஸை நிறுத்துவதுபோல இருந்தது. "நில்லுட்டீ. வலது பக்கம் தப்பு." அவள் மூச்சை விட்டுவிட்டு அப்படியே குந்தினாள். மாஸ்டர் போய்த் தடவிப் பார்த்தார். ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, "கண்ணு எங்கட்டீ கெடக்கு ஒனக்கு? எருமை! ரெண்டு பிளேட்டு போடத் தெரியாதவளா நீ? பிள்ளைக்க நடுவு ஒடிஞ்சா யாரு பதில் சொல்லுகது?" என்று கொட்டகை அதிரக் கத்தினார். முகம் சுட்டது, அவமானம்தான், ஆனாலும் அந்த எருமை உடம்பில் எங்கேயோ போய் நல்ல இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டது. "எங்க தராசுகூட இவ்வளவு சாயாது அக்கா" என்று சூசை சொல்ல, "போட்டும் அண்ணா, அக்கா பாத்துச் சொன்னாங்கல்லா" என்றாள் ஜாஸ்பின். பாத்துச் சொன்னாங்கல்லா. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது மக்ளே. இருபதைக் கழற்றினேன், இருபத்தைந்தை உருட்டி வந்தேன், தடவினேன், மறுபடி தடவினேன், மாட்டினேன். இரண்டு பக்கமும் முனை ஒரே அளவு. பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்ததும் என் நெஞ்சு திடீரென்று லேசாகிவிட்டது, நல்லது செய்ததால் அல்ல, வேறு ஒரு காரணத்தால். இப்போது எடை சரியாக இருக்கிறது. இப்போது நீ தோற்கலாம். இனி நீ தோற்றால் அதில் என் கை இல்லை, இனி நான் முழு மனதோடு, ஒளிவுமறைவு இல்லாமல், தோற்றுப்போ என்று வேண்டிக்கொள்ளலாம். தோற்றுப்போ. அவள் குனிந்தாள். தோற்றுப்போ. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, எந்த வாக்கியமும் இல்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பார் தரையைவிட்டுப் பிரிந்தது, பிளேட்டுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் ஒரு நூல்போலத் தெரிந்தது, கெண்டைக்கால் உயரத்துக்கு வந்தது, முழங்காலுக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. அவள் உடம்பு முழுவதும் நடுங்குகிறது. அங்கேயே நில், அங்கேயே நில், ஏறாதே, என்கிறேன், உதடு அசைகிறது, கைகள் பெஞ்சின் விளிம்பைப் பற்றியிருக்கின்றன, குதிகால் தரையில் ஊன்றுகிறது, ஊன்றி அழுத்துகிறது, இடுப்பு முன்னால் போகப் பார்க்கிறது, ஏறாதே என்று நான் சொல்லச்சொல்லத் தொடையின் பின்பக்கம் கல்லாக இறுகி எதையோ இழுக்கிறது, என்ன இழுக்கிறது, இங்கே என்ன இருக்கிறது இழுக்க, விடு, விடு என்று காலுக்குச் சொல்கிறேன், கால் கேட்கவில்லை. பார் முழங்காலைத் தாண்டியது. அவள் நிமிர்ந்து நின்றாள். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று சூசை முழங்கினார், பார் இறங்கிக் கொட்டகை குலுங்கியது, எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், மாஸ்டரும், ஒருபோதும் தட்டாதவர். என் இடது தொடையின் பின்பக்கம் சுருண்டு முடிச்சாகிவிட்டது, காலை நீட்டவும் முடியவில்லை மடக்கவும் முடியவில்லை, எழுந்தால் விழுந்துவிடுவேன், கையை விளிம்பிலிருந்து எடுத்தால்கூட விழுந்துவிடுவேன். ஜாஸ்பின் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன், கைதட்டாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு. எண் போன வயிற்றெரிச்சலில் எழவில்லை என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் நினைத்ததில் தப்பில்லை என்பதால் காலைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.